டுல்லன் தெருக் கடைசி வீட்டுச் சுவர்

கொலெட்டின் சமையலறைக்கும் டோனலின் முகத்துக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கல்தான் இருந்தது. வெளிப்பக்கம் டோனல் ஓவியமாக இரண்டு மாடி உயரத்துக்கு நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்பக்கம் பூசணம்.

தினமும் காலை பதினொரு மணிக்கு பெல்ஃபாஸ்ட் பார்க்க வந்தவர்கள் அந்தச் சுவருக்கு வந்துவிடுவார்கள். முதலில் பெரிய பஸ், பின்னாலேயே கறுப்பு டாக்சிகள். கொலெட் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது, வெளியே அவள் கணவன் மாலக்கியின் குரல் ஏறி இறங்கும். டாக்சியில் ஊர் சுற்றிக் காட்டுவதுதான் அவன் தொழில். தன் வீட்டுச் சுவரையே தொழிலுக்குக் காட்டுகிறவன் அந்த ஊரில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

"நல்லாப் பாருங்க. அந்தக் கண்ணு ரெண்டும் இருக்கே, நீங்க இந்தப் பக்கம் நடந்தாலும் பார்க்கும், அந்தப் பக்கம் நடந்தாலும் பார்க்கும். பதினஞ்சு வயசு. அம்மாவுக்குப் பால் வாங்கப் போனவன். எழுபத்தாறுல, ஒரு சாயங்காலம். குண்டு யாரு துப்பாக்கியில இருந்து வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லலை."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவான். காமிராக்கள் கிளிக் கிளிக்கென்னும். உள்ளே கொலெட்டுக்கு இருமல் வரும். கையை வாயில் பொத்திக்கொண்டு இருமுவாள், கதைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று.

கொலெட்டுக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருடமாகப் பரிமாறுகிறாள். ஊரில் அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு, புகார்க்காரி என்று. தெருவிளக்கு எரியாவிட்டால் அவள் கடிதம்தான் முதலில் போகும். குப்பை வண்டி ஒருநாள் தவறினால் போனை எடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் வேகாத காரட்டை அனுப்பினார்கள் என்று, அதில் இரண்டை உறையில் போட்டு நகராட்சிக்கே அனுப்பியவள். கேட்பதற்குக் கூச்சப்படுகிற பெண்ணே இல்லை. ஆனால் அந்தச் சுவரைப் பற்றி மட்டும் இருபத்தாறு வருடமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கேட்க முடியாது. தொண்ணூற்றேழில் இரண்டு பேர் வந்து, "உங்க பக்கச் சுவர் நல்லா வெறுமையா இருக்கு, சேடியோட பையனை வரையலாம்னு பார்க்கிறோம்" என்றபோது, கொலெட்தான் தேநீர் கொடுத்து சரியென்று சொன்னாள். பெருமையாகவும் இருந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் டோனலின் நினைவு நாளுக்கு முந்தின நாள், வாளியும் தேய்ப்பானும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, எட்டுகிற உயரம் வரை, அதாவது பையனின் மோவாய் வரை, கழுவிவிடுவாள். மறுநாள் சேடி பூ கொண்டுவந்து வைப்பாள்.

சேடி எதிர்வரிசையில் நான்காம் எண் வீட்டில் இருக்கிறாள். டோனலின் தாய். எண்பத்தைந்து வயது. அவளும் தினம் பதினொரு மணிக்குக் கடைப் பையோடு வெளியே வந்து, சுவருக்கு எதிரே நின்று, சிலுவை போட்டுக்கொண்டு, கூட்டம் கலையும்வரை காத்திருப்பாள். அதைப் பார்த்து அழுத அமெரிக்காக்காரிகள் உண்டு. "அதோ, அவங்கதான் அம்மா" என்று மாலக்கி குரலைத் தாழ்த்திச் சொல்வான்.

படத்துக்கு மேலே ஒருவித மெழுகை அடித்திருந்தார்கள், மழையில் வண்ணம் போகாமலிருக்க. வண்ணம் போகவில்லை. ஆனால் சுவருக்குள் போன ஈரமும் வெளியே வரவில்லை. முதலில் சமையலறை மூலையில் ஓதம் ஏறியது. பிறகு மாடி அறையில், துணி அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூத்தது. கொலெட் பிளீச் போட்டுத் தேய்த்தாள், பெயின்ட் அடித்தாள், கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டாள். முன்னறைக்குக் கட்டிலை மாற்றினார்கள். ஒரே மாதத்தில் பூசணமும் பின்னாலேயே குடிவந்தது, கட்டில் பழைய இடத்துக்கே திரும்பியது. போன பிப்ரவரியில் நிமோனியா வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அனுப்பும்போது டாக்டர், "இன்னொரு குளிர்காலத்தை அந்த வீட்டுல இப்படியே கழிக்காதீங்க. உங்க நுரையீரல் தாங்காது" என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல் மருந்து எழுதிக்கொடுத்தார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் வீட்டு வாரியத்து ஆட்கள் டுல்லன் தெருவுக்கு வந்தார்கள். வரிசை முழுக்க வெளிச்சுவர்களில் குளிர் தாங்கும் பலகை பதித்து மேலே பூசித் தருகிறார்கள். ஒரு பைசா வேண்டாம். பக்கத்து வீடுகளெல்லாம் ஆயிற்று. மேற்பார்வையாளர் கடைசி வீட்டுக்கு வந்து, அண்ணாந்து டோனலைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, இதை மூடணும்னா அந்தக் குடும்பத்துக் கையெழுத்து வேணும். இல்லாம என் ஆளுங்க ஏணியை எடுக்கவே மாட்டாங்க. நானும் இந்த ஊர்லதான் பொழைக்கணும்."

"எப்போக்குள்ள?"

"வெள்ளிக்கிழமை. இல்லேன்னா திங்கட்கிழமை அடுத்த தெருவுக்குச் சாரத்தைக் கொண்டு போயிடுவோம்."

அன்று சனிக்கிழமை. படம் வரையச் சொல்லி வந்த இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவரை மதுக்கடை வாசலில் பிடித்தாள். "சேடி சரின்னா எனக்கும் சரி, கொலெட். ஆனா நான் போய்க் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மாலக்கி அதைவிட மோசம்.

"எண்பத்தஞ்சு வயசுப் பொம்பளைகிட்டப் போய், உம் புள்ளை மேல பலகை அடிக்கப் போறோம்னு சொல்லச் சொல்றியா? என்னால முடியாதும்மா."

"உன்னைச் சொல்லச் சொல்லலை. நான் சொல்றேன்."

"தெருவுல எவன் நம்ம மூஞ்சில முழிப்பான்? நினைச்சுப் பாரு."

"நான் போய்ச் சேர்ந்தப்புறம் உனக்கு ரெண்டு சுவர் இருக்கும், மாலக்கி. ஒண்ணுல டோனலைக் காட்டு. இன்னொண்ணுல என்னை வரையச் சொல்லு. பதினொரு மணிக்கு அவன், பதினொண்ணேகாலுக்கு நான். இருமுற மாதிரியே வரையச் சொல்லு."

மாலக்கி மின்சார ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் கட்டிலருகே, அவள் படுக்கிற பக்கத்தில், வைத்துவிட்டு வந்தான்.

ஞாயிறு போயிற்று. திங்களும் செவ்வாயும் போயின. கொலெட் நான்கு தடவை கோட்டை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினாள். ஒரு தடவை சேடி வீட்டு வாசல்வரை போய், சும்மா நின்றவளைப்போல அவள் ஜன்னல் பூத்தொட்டியைப் புகழ்ந்துவிட்டு வந்துவிட்டாள். புதன்கிழமை காலை எழுந்ததும் பதினைந்து பிசைந்தாள். பதினைந்து பிஸ்கட், பதினைந்து மார்ஷ்மெல்லோ, பதினைந்து செர்ரி, மேலே தேங்காய்ப்பூ. அந்த ஊர்ப் பலகாரத்துக்கு அந்த எண்ணிக்கைதான் பெயர்; இழவு வீட்டுக்கும் அதைத்தான் கொண்டுபோவார்கள். அதைத் தட்டில் அடுக்கி, துண்டு போட்டு மூடி, கையெழுத்துத் தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

சேடி கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகலை, சேடியம்மா. சும்மாதான்."

"புதன்கிழமையில சும்மா யாரு பதினைஞ்சு செய்வா? உள்ள வா, குளிர் வருது."

கொலெட் உட்கார்ந்தாள். சேடியின் இடுப்பு வலியை விசாரித்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். பாதிரியாரின் புது நாய்க்குட்டியைப் பற்றிப் பேசினாள். சேடி ஒரு துண்டைத் தின்றுவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொலெட் பேச்சைத் தொடங்குவதற்காக மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு இருமலாக வந்தது. ஒருமுறை தொடங்கினால் எளிதில் நிற்காத இருமல். கண்ணில் நீர் வந்தது. சேடி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள்.

"அந்தச் சுவர்தானே?"

கொலெட் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியமெல்லாம் போய், தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அவங்க மூடுவாங்க. எனக்குக் கேக்க வாய் வரலை. நீங்க வேணாம்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா கேக்காமலே போய்ச் சேர்ந்துட்டா, அப்புறம் உங்களுக்கும் கஷ்டமா இருக்கும்."

சேடி தாளைத் தொடவில்லை. மெல்ல எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு தகர பிஸ்கட் டப்பாவோடு திரும்பி வந்து, அதிலிருந்து பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துக் கொலெட்டின் முன்னால் போட்டாள். பள்ளிக்கூடக் கால்பந்துக் குழு. இரண்டு வரிசைப் பையன்கள். எல்லாருக்கும் காதை மூடிய ஒரே மாதிரியான முடி.

"இதுல எம் புள்ளை எதுன்னு சொல்லு."

கொலெட்டுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது. வருடா வருடம் மோவாயைத் தேய்த்துக் கழுவிய முகம்.

"இது."

"அது டெஸ்ஸி."

"எந்த டெஸ்ஸி?"

"எத்தனை டெஸ்ஸி இருக்கான் இங்க? நீ சாசேஜ் வாங்குவியே, அந்த டெஸ்ஸி." சேடியின் விரல் அதே வரிசையின் மறுமுனைக்குப் போயிற்று. வலமிருந்து மூன்றாவது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு காது மட்டும் முடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்ற ஒல்லிப் பையன். "இதுதான் டோனல்."

கொலெட் படத்தை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். டோனல் இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, அடுத்த தெருவில் வீடு. அவனைப் பார்த்திருக்கிறாள். ஆனால் இருபத்தாறு வருடமாக டோனல் என்றால் அவளுக்குச் சுவர்தான். தெருவில் எல்லாருக்குமே அப்படித்தான். அவனோடு விளையாடியவர்களுக்குக்கூட நாளடைவில் சுவரில் இருந்த முகம்தான் நினைவில் நின்றது.

"இது எப்படி...?"

"திருப்பிப் பாரு."

படத்தின் முதுகில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் போட்டது. படம் வரையறவன் வேற பக்கத்து ஆளு, எந்தப் பையன்னு காட்டுங்கன்னான். புள்ளை முகத்துல கோடு கிழிக்க அவருக்கு மனசு வரலை. அதனால முதுகுல, டோனலுக்கு நேர் பின்னாடி போட்டுக் கொடுத்தாரு. வந்தவன் பின்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் மூணாவதுன்னு எண்ணிக்கிட்டான். முன்பக்கம் திருப்பி, அங்கயும் இடப்பக்கம் மூணாவதுன்னு எண்ணிட்டான்."

கொலெட் படத்தை ஒருமுறை திருப்பினாள். மறுபடி திருப்பினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத இடத்தில் வருகிற சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி, சிரி. நானே சிரிச்சிருக்கேன், குளிக்கிற ரூமுக்குள்ள போய். வாத்தியம் முழங்கித் துணியை இழுக்கிறாங்க. ஊரே கை தட்டுது. நான் பார்க்கிறேன், சுவர்ல டெஸ்ஸி நிக்கிறான். கூட்டத்துல மூணாவது வரிசையிலயும் டெஸ்ஸி நிக்கிறான், முப்பத்தாறு வயசுல, முடி பாதி கொட்டிப் போய். என்னைப் பார்த்தான் பாரு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துட்டான். பக்கத்துல எங்க வீட்டுக்காரர், கண்ணுல திரை விழுந்த மனுஷன், 'அப்படியே அவன்தான் சேடி, அப்படியே அவன்தான்'னு அழறார். நான் என்னத்தைச் சொல்ல?"

"அவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே, சேடியம்மா. அப்புறமாவது..."

"அப்புறம் நீ இருந்தியே! வருஷா வருஷம் ஏணி போட்டு அவனைக் குளிப்பாட்டி விடுறே. உம் புருஷன் அவன் கண்ணைக் காட்டிக் காட்டி ஊரையே அழ வைக்கிறான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் கிடந்தேன். நீங்க கஷ்டப்படுவீங்களேன்னு."

"தினம் வந்து நின்னு சிலுவை போடுவீங்களே?"

"நான் கடைக்குப் போறேன்டி! போட்டோ எடுக்கிறவங்க வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நடுவுல புகுந்து போனா நல்லாவா இருக்கும்? எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க, சிலுவை போடாம நின்னா தாயா இவள்னு நினைக்க மாட்டாங்களா?" சேடி மூன்றாவது துண்டை எடுத்தாள். "போட்டதுதான் போட்டேன், டெஸ்ஸிக்காக வேண்டிக்குவேன். உசுரோட இருக்கிறவனைச் சுவர்ல ஏத்தி வச்சிருக்காங்க, அவனுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு. கொண்டா பேனாவை."

கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரையும் போட்டாள்.

"சரியான படத்தை வச்சு வேற எங்கயாவது வரையச் சொல்லலாமே, சேடியம்மா?"

"வேணாம். இது டப்பாவுலயே இருக்கட்டும். இவனை எவனும் போட்டோ எடுக்க வேணாம்." படத்தை உள்ளே வைத்து மூடினாள். "பேரும் தேதியும் மட்டும் ஒரு சின்னத் தகட்டுல அடிச்சு வைக்கச் சொல்லு. போதும். பலகை ஏறுற வரைக்கும் உம் புருஷன்கிட்ட மூச்சு விடாதே. அவன் வாயில பத்து நிமிஷம் நிக்காது."

கொலெட் தெருவைக் கடந்து தன் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தோள் இரண்டும் கீழே இறங்கி இருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

மறுநாள் கறிக்கடைக்குப் போனாள். டெஸ்ஸி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ வெட்டிக்கொண்டிருந்தான். அறுபத்திரண்டு வயது, பெரிய வயிறு, பளபளவென்று வழுக்கை. திரும்பி, "ஒரு பவுண்டா, கொலெட்?" என்றான். அந்தக் கண்கள்தான். இந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்த்தன, அந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்த்தன. அவள் பார்த்த பார்வையிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. சாசேஜைத் தராசில் வைத்தவன் கையை எடுக்க மறந்தான்.

"சேடி சொல்லிட்டாங்களா?"

"மூடப் போறாங்க, டெஸ்ஸி. திங்கட்கிழமை."

அவன் கடையில் வேறு யாருமில்லையா என்று பார்த்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தான். "மெய்யாவா?"

"கையெழுத்தே ஆயிடுச்சு."

"செத்துப்போன என்னை நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன், அன்னிக்கு. அதுக்கப்புறம் உங்க தெரு வழியா நடந்ததே இல்லை. இந்த இடுப்பை வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போக மேட்டைச் சுத்திப் போறேன். டோனல் மேல பாசம், அதான் அந்தப் பக்கமே வரமாட்டான்னு ஜனங்க பேசிக்குவாங்க. கூட்டாளிதான், பாசம் இல்லாம போகுமா? ஆனா அதுக்காக இல்லை." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "என் பேத்திக்கு நாலு வயசுல தெரிஞ்சுபோச்சு. 'தாத்தா, அது நீங்கதானே'ன்னு நடுத்தெருவுல கேட்டுட்டா. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வாயை மூட வச்சேன். அப்புறம் அவ விட்டாளா? ஐஸ்கிரீம் வேணும்னு தோணும்போதெல்லாம் அதே கேள்வி."

ஒரு பவுண்டு கேட்டவளுக்கு இரண்டு பவுண்டு கட்டிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை சாரம் கட்டினார்கள். தெருவில் ஆட்கள் வாசலுக்கு வாசல் வந்து கைகட்டி நின்றார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று மேற்பார்வையாளர் பயந்துகொண்டே இருந்தார். சேடி ஒரு நாற்காலியைத் தூக்கிவரச் செய்து, சுவருக்கு எதிரே போட்டு, கம்பளியை முழங்காலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பது? முதல் பலகை நெற்றியில் ஏறியபோதுதான் கொலெட் மாலக்கியிடம் சொன்னாள். அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

"அப்போ நான் இத்தனை வருஷமா ஜெர்மன்காரன், ஜப்பான்காரன் எல்லாரையும் கறிக்கடைக்காரனைப் பார்த்தா அழ வச்சேன்?"

"நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே. கண்ணு ரெண்டும் ஆளை விடாது. கறிக்கடையில அப்படித்தான் பார்த்தாகணும்."

"கொலெட், இது வெளிய தெரிஞ்சா டாக்சி ஸ்டாண்டுல என்னை உயிரோட விடமாட்டாங்க."

"அதனாலதான் நீ வாயைத் திறக்க மாட்டேன்னு எனக்கு நிம்மதி."

இரண்டாம் நாள் கண்கள் மறைந்தன. மூன்றாம் நாள் மத்தியானம், மோவாய்க்குக் கீழே ஒரு பலகை மிச்சமிருக்கும்போது, தெருமுனையிலிருந்து ஒருத்தன் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான். கையில் காகிதப் பொட்டலம். டெஸ்ஸி டுல்லன் தெருவின் நடுவில் நடந்து வந்து, சேடியின் நாற்காலிக்கு முன்னால் நின்றான்.

"உங்களுக்குக் கொஞ்சம் ஈரல் கொண்டுவந்தேன்."

"குனி" என்றாள் சேடி.

அவன் குனிந்தான். வழுக்கைத் தலையில் ஒன்று வைத்தாள், வலிக்காமல்.

"எவ்வளவு வயசாகிடுச்சுடா உனக்கு. டோனலும் இந்நேரம் மொட்டையாத்தான் இருப்பான். அவங்கப்பா தலை அப்படித்தான்."

டெஸ்ஸி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நடைபாதை விளிம்பில் அவள் காலருகே உட்கார்ந்துகொண்டான். கடைசிப் பலகை ஏறும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். சுவரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள், பெயரும் இரண்டு தேதியும் மட்டும்.

ஜனவரி வந்தது. கொலெட் முதலில் நம்பவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் சுவரில் கையை வைத்துப் பார்ப்பாள். காய்ந்திருந்தது. மூன்று வாரம் அப்படியே பார்த்தாள். இருமல் ஒரேயடியாகப் போய்விடவில்லை, ஆனால் படி ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற வழக்கம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை காலை மாலக்கியை மாடிக்குக் கூப்பிட்டாள். இருவருமாகத் துணி அலமாரியைத் தள்ளினார்கள். ஒரு அடி. கம்பளத்தில் நான்கு கால்களின் பள்ளமும் நடு அறையில் தனியாகத் தெரிந்தன. அலமாரி சுவரில் முட்டி நின்றது. கட்டிலையும் தள்ளினார்கள். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது.

அப்போது பதினொரு மணி. பெரிய பஸ் தெருமுனையில் திரும்பியது. பழக்கத்தில் சுவருக்கு நேரே வந்ததும் வேகத்தைக் குறைத்தது. மாலக்கி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். மேல்தட்டில் இருந்தவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்தார்கள். ஒருத்தி காமிராவைத் தூக்கி, என்ன எடுப்பது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டாள். கீழே சேடி கடைப் பையோடு, யாருக்காகவும் நிற்காமல், பஸ்ஸுக்கு முன்னால் தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸை நிறுத்தலை பாரு" என்றான் மாலக்கி.

"நீ இன்னும் ஓரமா தள்ளு. கட்டில் கால் இன்னும் சுவரைத் தொடலை" என்றாள் கொலெட்.